மிட்விச்: ஒரு கிராமம் கைப்பற்றப்படும் விதம்

ஜான் விண்டம் எழுதிய 'தி மிட்விச் குக்கூஸ்' 1957-இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் ஒரு மூலைக் கிராமத்தை வேற்றுக்கிரகத்தார் பிடித்துக்கொள்வதுதான் கதை. ஆனால் பிடித்தவர்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை யாரும் பார்ப்பதில்லை. அவர்கள் வந்த கலம் ஒரு விமானப் புகைப்படத்தில் மட்டும் தெரிகிறது: கவிழ்த்துவைத்த கரண்டியின் குழி போல, வெளிறிய ஒரு நீள்வட்டம். பிறகு அதுவும் போய்விடுகிறது. மீதி நூலில் இருப்பதெல்லாம் ஊரின் அன்றாடச் சாமான்கள்: தொலைபேசி இணைப்பகம், பேருந்து, தீயணைப்பு வண்டி, டாக்டர், பாதிரியார், மருத்துவச்சி, ஊர்மண்டபம்.

அப்படியிருந்தும் இந்த வகையில் இதைவிடப் பயங்கரமான நாவலை நான் படித்ததில்லை. அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தால், கணக்கிலிருந்து வருகிறது. வட்டம் எவ்வளவு அகலம், உள்ளே யார் யார் இருந்தார்கள், எந்தத் தேதி, எத்தனை மாதம், எத்தனை குழந்தைகள். விண்டம் குரலை உயர்த்துவதே இல்லை. எண்ணிக் காட்டுகிறார், கூட்டுத்தொகையை வாசகரிடம் விட்டுவிடுகிறார். இந்த வகையில் எழுத நினைப்பவர்களுக்கு இந்த நூலைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இதை ஒரு கடிகாரத்தைப் பிரிப்பதைப் போலப் பிரித்துப் பார்க்கப் போகிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசுவேன். படிக்காதவர்கள் முதலில் படித்துவிட்டு வருவது நல்லது.

விண்டம் 1903-இல் பிறந்து 1969-இல் இறந்தவர். 1951-இல் வந்த 'தி டே ஆஃப் தி ட்ரிஃபிட்ஸ்' அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் வெவ்வேறு பெயர்களில் பத்திரிகைக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப்போரில் முதலில் தகவல் அமைச்சகத்தின் தணிக்கைப் பிரிவில் வேலை. பிறகு ராணுவத்தின் சிக்னல் படையில் சங்கேத எழுத்தாளர். நார்மண்டிக்கும் போனார். எந்தச் செய்தி வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று பார்ப்பதையே தொழிலாகச் செய்த மனிதர் என்பது மிட்விச் நாவலில் நன்றாகவே தெரிகிறது. ஒரு முழுக் கிராமத்தில் நடந்தது எப்படி வெளியே தெரியாமல் போனது என்ற கேள்வி இந்த மாதிரிக் கதைகள் எல்லாவற்றுக்கும் உண்டு. பெரும்பாலான எழுத்தாளர்கள் பாலத்தை இடித்தோ பனியைக் கொட்டியோ அதைச் சமாளிக்கிறார்கள். விண்டம் அதை ஒரு நிர்வாக வேலையாகவே காட்டுகிறார். பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு சப்பையான விளக்கம் தயாராகிறது. ராணுவ உளவுப்பிரிவின் பெர்னார்ட் வெஸ்ட்காட் ஊருக்குள்ளேயே தகவல் சொல்ல ஒரு நண்பரைப் பிடிக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்கத்தினால் ஊரே தன் வாயை மூடிக்கொள்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் மிக வலுவான பூட்டு. கட்டாயத்தினால் காக்கப்படும் ரகசியம் எப்போதாவது கசியும், மானத்துக்காகக் காக்கப்படுவது கசியாது.

ஊரின் அளவைப் பார்ப்போம். முக்கோண வடிவில் ஒரு பசும்புல் திடல், அதைச் சுற்றிச் சுமார் அறுபது வீடுகள், ஒரு தேவாலயம், பாதிரியார் வீடு, 'ஸைத் அண்ட் ஸ்டோன்' என்ற மதுக்கடை. ஸெல்லபி குடும்பத்தின் கைல் மேனர் என்ற பெரிய வீடு ஒன்று. அரசின் ஆராய்ச்சி நிலையம் இயங்கும் கிரேஞ்ச் என்ற மாளிகை ஒன்று. எப்போதோ ஒரு இரண்டாந்தர வழிப்பறிக்காரன் சுடப்பட்டது போன்ற சில்லறைச் சம்பவங்கள்தான் ஊரின் வரலாறு. அறுபது வீடு என்பது சும்மா போட்ட எண் அல்ல. இருபது வீடுகள் என்றால் அது ஒரு கூட்டுக்குடும்பக் கதையாகிவிடும். முந்நூறு என்றால் எதிர்த் தெருக்காரரைத் தெரியாதவர்கள் இருப்பார்கள், வதந்தி தானாக ஓடாது. அறுபதில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், ஆனால் ஒவ்வொருவரும் ஒரு விஷயத்தைச் சில வாரங்கள் மறைத்துவைக்கவும் முடியும். பின்னால் பிறக்கப்போகும் குழந்தைகள் 61. சராசரியாக வீட்டுக்கு ஒன்று. விண்டம் இதை எங்கும் சுட்டிக்காட்டுவதில்லை. ஆனால் எந்த வீடும் பார்வையாளராக ஒதுங்கி நிற்க முடியாது என்பதை அந்த விகிதமே பார்த்துக்கொள்கிறது.

செப்டம்பர் 26 இரவு அந்த ஊர் அப்படியே மயங்கிச் சாய்கிறது. கதைசொல்லி ரிச்சர்ட் கேஃபோர்டும் மனைவி ஜானெட்டும் அன்று ஊரில் இல்லை. அவருடைய பிறந்தநாள் என்று லண்டனுக்குப் போயிருந்தார்கள். அந்தத் தேதியில் பிறந்த ஒருவரை மணந்தது தன் மனைவியின் பெரிய அதிர்ஷ்டம் என்றுதான் நாவலே தொடங்குகிறது. அந்த முதல் பத்தியை மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும். தப்பியது தான் என்று அவர் சொல்வதில்லை, மனைவி என்கிறார். ஊரில் இருந்த பெண்களுக்கு ஏதோ நடந்தது என்பது முதல் வரியிலேயே சொல்லியாகிவிட்டது. முதல் வாசிப்பில் யாருக்கும் அது உறைக்காது.

மறுநாள் நடப்பதுதான் நூலில் மிகத் துல்லியமாகக் கட்டப்பட்ட பகுதி. தொலைபேசி இணைப்பகத்துக்கு மிட்விச்சிலிருந்து பதில் வருவதில்லை. ஊருக்குள் போன வண்டி திரும்புவதில்லை, அதைத் தேடிப் போன வண்டியும் திரும்புவதில்லை. கேஃபோர்ட் தம்பதியரைப் போலீஸ் வழியில் நிறுத்துகிறது. அவர்கள் வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகப் பார்க்கிறார்கள். முன்னால் நடந்த ஜானெட் சத்தமில்லாமல் சரிகிறாள், அவளைத் தூக்க ஓடிய கணவனும் சரிகிறான். இருவரையும் வெளியே இழுத்துப் போட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வலி இல்லை, தலைசுற்றல் கூட இல்லை. அடுத்து ராணுவம் கூண்டில் கேனரிப் பறவைகளோடு வருகிறது. நீண்ட கோலின் நுனியில் கூண்டைக் கட்டி மெல்ல முன்னால் நீட்டுகிறார்கள். ஒரு புள்ளியில் பறவை கிளையிலிருந்து விழுகிறது, பின்னால் இழுத்தால் எழுந்துகொள்கிறது. அந்தப் புள்ளியைக் குறிக்கிறார்கள். சில அடி நகர்ந்து மறுபடியும் நீட்டுகிறார்கள். புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால் அது இரண்டு மைல் விட்டமுள்ள பிசிறில்லாத வட்டம்.

அதாவது 3.2 கிலோமீட்டர் குறுக்களவு, சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவு, 8 சதுர கிலோமீட்டர் பரப்பு. பத்து கிலோமீட்டர் என்பது ஒரு ராணுவப் பிரிவு ஒரே நாளில் சுற்றி நிற்கக்கூடிய நீளம். அதனால்தான் அந்தக் காட்சியை நம்ப முடிகிறது. கேனரியும் நம்பத்தக்க தேர்வுதான். பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவைக் கண்டறிய 1986 வரைக்கும் கேனரிகளை வைத்திருந்தார்கள், எனவே 1957-இல் ஒரு ராணுவ அதிகாரிக்கு முதலில் தோன்றும் கருவி அதுதான். ஆனால் சுரங்கத்தில் விழுந்த பறவை தேற நேரமாகும், சில தேறாமலே போகும். இங்கே வெளியே எடுத்த கணமே எழுகிறது. வாயு இல்லை, நோய் இல்லை, நமக்குத் தெரிந்த எதுவும் இல்லை என்பதை ஒரு பறவை எழுந்திருப்பதை வைத்தே சொல்லிவிடுகிறார்.

எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, அந்த வட்டத்தின் விதி எங்கும் மாறுவதில்லை. மனிதர், மாடு, பறவை எல்லாவற்றுக்கும் ஒரே எல்லை, ஒரே விளைவு. இப்படி ஒரு கண்ணுக்குத் தெரியாத சுவரை வைத்துவிட்டு, பிறகு கதாநாயகனுக்கு மட்டும் ஒரு ஓட்டை போட்டுக் கொடுக்கும் நாவல்கள் நிறைய. அந்த ஓட்டை விழுந்த இடத்தோடு பயம் முடிந்துவிடும். எதிராளியின் விதியை ஆசிரியரே மதிக்கவில்லை என்றால் வாசகர் ஏன் மதிக்க வேண்டும்?

ஹெச். ஜி. வெல்ஸ் இதே துல்லியத்தை வேறு வழியில் சாதித்தார். 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' 1897-இல் தொடராகவும் 1898-இல் நூலாகவும் வந்தது. அதற்கு முன் அவர் வோக்கிங் நகரில் குடியிருந்தார். சைக்கிளில் சுற்றி, செவ்வாய்க்காரர்கள் எந்த இடத்தில் இறங்குவார்கள், எந்தத் தெருவை அழிப்பார்கள் என்று குறித்துக்கொண்டார். ஹார்ஸெல் பொதுத்திடல் இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் வெல்ஸின் எல்லை நகர்ந்துகொண்டே போகும், ஓடினால் தப்பலாம். விண்டமின் எல்லை ஒரு நாள் நின்று, போய்விடுகிறது. ஓட வேண்டிய நேரத்தில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

விழித்ததும் குளிரில் கிடந்தவர்களும் தீ விபத்தில் சிக்கியவர்களுமாகச் சிலர் இறந்திருப்பது தெரிகிறது. மற்றவர்கள் விறைத்த கைகால்களைத் தேய்த்துக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். கிரேஞ்ச் ஆராய்ச்சி நிலையத்தை யாரோ குறிவைத்திருக்கிறார்கள் என்று அதிகாரிகள் முடிவுகட்டி அங்கேயே தேடுகிறார்கள். இது நல்ல திசைதிருப்பல். காரணம், அதிகாரிகள் அந்தச் சூழ்நிலையில் உண்மையாகவே அப்படித்தான் நினைப்பார்கள். பனிப்போர்க் காலம், பக்கத்தில் ஒரு ரகசிய நிலையம், வேறு எதை நினைப்பார்கள்? அதே கிரேஞ்ச் பிற்பாதியில் குழந்தைகளின் பள்ளியாகவும் விடுதியாகவும் மாறுகிறது. முதல் பாதியில் பொய்த் தடயமாக இருந்த கட்டடத்தை இரண்டாம் பாதியில் மையமாக்கும் சிக்கனம் எனக்கு மிகப் பிடித்த விஷயம்.

பிறகு சில வாரங்கள் ஒன்றும் நடப்பதில்லை. அந்த இடைவெளியை வெட்டிவிடத் தோன்றும், வெட்டக்கூடாது. ஊர் நடந்ததை மறந்து இயல்பாகும் அந்த வாரங்களில் உடல்களுக்குள் வேறொரு நாட்காட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கருவுற்ற நாளிலிருந்து பிரசவத்துக்குச் சராசரி 266 நாள். செப்டம்பர் 26-இல் தொடங்கி எண்ணினால் ஜூன் 19-ஐ ஒட்டி வரும். ஊரில் ஒவ்வொரு பெண்ணும் இந்தக் கணக்கைத் தன்னந்தனியாகப் போட்டுப் பார்க்கிறாள், தான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு.

நாவலின் உச்சம் இங்கேதான், கடைசியில் அல்ல. வட்டத்துக்குள் இருந்த பிள்ளைபெறும் வயதுப் பெண்கள் எல்லோருமே கர்ப்பம். புதிதாக மணமானவளுக்குச் சந்தேகமே வராது. கணவன் வெளியூரில் இருந்தவளுக்கு வாழ்க்கையே போய்விடும். மணமாகாத இளம்பெண் பாதிரியாரிடம் போய் அழுகிறாள். இன்னொருத்தி டாக்டர் வில்லர்ஸிடம் போகிறாள், அவர் நம்ப மறுக்கிறார். ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் இரண்டு பெண்களில் ஒருத்தி கர்ப்பம் என்றதும் மற்றவள் நொறுங்கிப்போகிறாள். பாதிரியார் லீபாடிக்கு ஒரு துண்டு தெரியும், டாக்டருக்கு ஒரு துண்டு, மருத்துவச்சிக்கு ஒரு துண்டு. தொழில் தர்மப்படி யாரும் அடுத்தவரிடம் சொல்ல முடியாது. துண்டுகள் சேரும் நேரத்தில்தான் ஊரே ஒரே நிலையில் இருப்பது தெரிகிறது. திகில் நாவலில் தகவலைப் பங்கிட்டுக் கொடுப்பது எப்படி என்பதற்கு இந்த அத்தியாயங்களைத் தாண்டி ஒரு உதாரணம் வேண்டாம்.

சட்டம் அந்தப் பெண்களுக்கு என்ன வழி வைத்திருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால் அழுத்தம் இன்னும் கூடும். இங்கிலாந்தில் அப்போது 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருக்கலைப்பு குற்றம். 1938-இல் ஒரு மருத்துவர் மீது நடந்த வழக்கின் தீர்ப்பு, தாயின் உயிரையும் உடல்நலத்தையும் காக்க ஒரு சிறு வழி திறந்தது. கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய சட்டம் 1967-இல்தான் வந்தது. மிட்விச் பெண்களில் சிலர் தாங்களே ஏதேதோ செய்துபார்க்கிறார்கள், பலிக்கவில்லை. வேற்றுக்கிரகத்தார் கட்டாயப்படுத்தியது ஒரு இரவு மட்டும். மிச்ச ஒன்பது மாதத்தைக் கட்டாயப்படுத்தியது நாட்டின் சொந்தச் சட்டம். விண்டம் இதை வெளிப்படையாக வாதிடுவதில்லை, அவர் காலத்துப் பதிப்பாளர்கள் அதற்கு இடம் தந்திருப்பார்களா என்பதும் சந்தேகம். ஆனாலும் பக்கத்துக்குப் பக்கம் அது இருக்கிறது.

கார்டன் ஸெல்லபியின் மனைவி ஏஞ்சலா பெண்களைக் கூட்டிப் பேசுகிறாள். இது யாருடைய குற்றமும் இல்லை, ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்ளாமல் சேர்ந்து தாங்குவோம், வெளியே விடாமல் இருப்போம் என்கிறாள். அவளே கர்ப்பமாக இருக்கிறாள். ஸெல்லபியின் முதல் தாரத்து மகள் ஃபெரலினும் கர்ப்பம். ஒரே வீட்டில் இருவர். பிறக்கும்போது ஏஞ்சலாவுக்குச் சாதாரணக் குழந்தை, ஃபெரலினுக்குத் தங்கநிறக் கண்கள் கொண்ட குழந்தை. அந்த மண்டபக் காட்சிதான் நாவலின் தைரியமான இடம், பலவீனமான இடமும் அதுவேதான். ஏஞ்சலாவின் பேச்சைக் கேஃபோர்ட் கேட்கவில்லை, ஜானெட் வந்து சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. தப்பித்துக்கொண்ட ஒரு தம்பதியின் கண் வழியாகத் தப்பிக்காதவர்களின் கதையைச் சொல்வது என்ற முடிவு முதல் பத்தியில் அழகாக வேலை செய்தது. இங்கே அது நம்மைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. ஃபெரலின் சொல்லியிருந்தால் இந்த நாவல் எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். கூடவே, ஸெல்லபிக்கு வாய் நீளம். உயிரியல், சமூகம், நாகரிகம் என்று அவர் பேசும் பக்கங்களில் ஐந்தில் ஒன்றைக் குறைத்திருக்கலாம். பண்ணை வேலைக்காரர்களும் கடைக்காரர்களும் பெயரளவில் வந்துபோகிறார்கள். ஊரின் மூளை முழுக்கப் பெரிய வீட்டில்தான் இருக்கிறது என்பது போன்ற ஒரு தோற்றம் விழுகிறது. அந்தக் காலத்து ஆங்கில நாவல்களின் வழக்கம்தான் என்றாலும் குறை குறையே.

தலைப்பில் இருக்கும் பறவையைப் பற்றித் தமிழ் வாசகர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. குயில் என்றதும் நமக்குக் காக்கைக் கூடுதான் நினைவுக்கு வரும். நம் ஊர்க் குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடும், குஞ்சு காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்வதும் உண்டு. உடன்பிறப்புகளை வெளியே தள்ளுவது பொதுவாக அதன் பழக்கம் இல்லை. ஐரோப்பாவின் குக்கூ அப்படியல்ல. தாய்ப்பறவை பத்து நொடி அளவில் முட்டையை இட்டுவிட்டுப் பறந்துவிடும். அந்த முட்டை பெரும்பாலும் கூட்டின் சொந்த முட்டைகளுக்கு முன்னால் பொரியும். கண் திறக்காத, இறகு முளைக்காத குஞ்சு முதல் ஓரிரு நாளிலேயே மற்ற முட்டைகளை முதுகில் ஏந்தி, கூட்டின் விளிம்புக்கு ஏறி, வெளியே தள்ளும். அதற்கென்றே முதுகில் ஒரு பள்ளம் இருப்பதை 1788-இல் எழுதியவர் எட்வர்ட் ஜென்னர், பெரியம்மைத் தடுப்பூசியைத் தந்த அதே ஜென்னர். ஒரே நாளில் முடியும் மயக்கம், வளர்ப்புத் தாயின் பாசம், வேகமான வளர்ச்சி, கடைசியில் கூட்டில் இடம் யாருக்கு என்ற கேள்வி எல்லாமே நாவலில் இந்த வரிசைப்படியே வருகின்றன. காக்கைக் கூட்டை மனத்தில் வைத்துப் படித்தால் நாவல் இருப்பதைவிட மென்மையாகத் தோன்றிவிடும்.

குழந்தைகள் 61: ஆண் 31, பெண் 30. எல்லோருக்கும் ஒரே சாயல், தங்கநிறக் கண். அவர்களுடைய சக்தி முதலில் வெளிப்படுவது மிகச் சின்ன அளவில். குழந்தையோடு ஊரைவிட்டுப் போன தாய்மார்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். ஏன் வந்தோம் என்று அவர்களுக்கே விளங்கவில்லை, வரவேண்டியிருந்தது என்கிறார்கள். உடை மாற்றும்போது தவறிக் குழந்தையை ஊசியால் குத்திவிட்ட ஒரு தாய், அதே ஊசியைத் தன் உடம்பில் திரும்பத் திரும்பக் குத்திக்கொள்கிறாள், அழுதுகொண்டே, நிறுத்த முடியாமல். இங்கே ரத்தம் ஒரு துளிதான் இருக்கும். பின்னால் வரும் துப்பாக்கியும் விபத்தும் இந்த ஊசியளவுக்கு என்னைத் தாக்கவில்லை. கருவி வீட்டுச் சாமான், குற்றம் சிறியது, தண்டனை அந்தக் குற்றத்தின் அச்சு நகல். அந்தக் குழந்தைகளின் நீதி எப்படி வேலை செய்யும் என்பது முழுவதும் அங்கே சொல்லப்பட்டுவிடுகிறது.

ஸெல்லபி செய்யும் சோதனை நூலின் இன்னொரு ரத்தினம். தந்திரமாகத் திறக்க வேண்டிய ஒரு சிறு மரப்பெட்டி, உள்ளே ஒரு மிட்டாய். ஒரு பையனுக்குத் திறக்கும் வழியைச் சொல்லிக்கொடுக்கிறார். பிறகு அதை இன்னொரு பையனிடம் கொடுத்தால், யாரும் சொல்லித்தராமலே திறந்துவிடுகிறான். எந்தப் பையனிடம் கொடுத்தாலும் அப்படித்தான். ஒரு பெண்குழந்தையிடம் கொடுத்தால் அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஒருமுறை கற்றுக்கொடுத்ததும் எல்லாப் பெண்குழந்தைகளுக்கும் தெரிந்துவிடுகிறது. ஆகவே ஊரில் இருப்பவர்கள் அத்தனை பேர் இல்லை, இரண்டு பேர்: ஒரு ஆண், ஒரு பெண். நீண்ட விளக்கம் வேண்டிய ஒரு கருத்தை மிட்டாய்ப் பெட்டி ஒன்றை வைத்து முடித்துவிடுகிறார். அதுவரை நாம் எண்ணிக்கொண்டிருந்த எண்ணிக்கையே தவறு என்று ஆகும்போது, இத்தனை நேரம் நமக்குப் பிடிமானமாக இருந்த கணக்கும் காலுக்குக் கீழிருந்து நழுவுகிறது.

பிறகு கதைசொல்லி கனடாவுக்குப் போய் எட்டு ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறார். குழந்தைகளுக்கு வயது ஒன்பது, பார்க்கப் பதினாறு. இந்தத் தாவல் பலருக்குப் பிடிப்பதில்லை. எனக்கு அதில் குறையில்லை, வளர்ச்சியின் வேகத்தைக் காட்ட இதைவிடக் குறைந்த செலவில் வழி கிடையாது. திரும்பியபின் வன்முறை படிப்படியாக ஏறுகிறது. ஊர்ப் பையன் ஒருவன் காரோட்டி வரும்போது குழந்தைகளில் ஒருவன் மீது மோதிவிடுகிறான். தெரியாமல் நடந்தது. மறுநிமிடம் அவன் தன் காரைத் தானே சுவரில் மோதிச் சாகிறான். அவன் சகோதரன் துப்பாக்கியோடு போகிறான், அது அவனையே சுடுகிறது. ஊர் திரண்டு கிரேஞ்சுக்குத் தீவைக்கப் போகிறது, போனவர்கள் வழியில் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு சாகிறார்கள். மாவட்டக் காவல்துறைத் தலைவர் விசாரிக்க வந்து மிரட்டிப் பார்க்கிறார், பயத்தில் நிலைகுலைந்து போகிறார். ஒவ்வொரு படியிலும் குழந்தைகள் பதில்தான் கொடுக்கிறார்கள், ஒருமுறைகூட முதலில் தொடங்குவதில்லை. வில்லன் முதலடி கொடுத்துவிட்டால் வாசகர் மனம் இலகுவாகிவிடும், பக்கம் எடுத்துக்கொள்ளலாம். இங்கே அந்த ஆறுதல் கிடைக்காது. கொலை நடந்தது எல்லோருக்கும் தெரியும், ஆனால் கார் ஓட்டியவன் கையில்தான் ஸ்டீயரிங் இருந்தது. எந்த நீதிமன்றம் எதை வைத்து யாரைத் தண்டிக்கும்?

மிட்விச் தனி நிகழ்வு அல்ல என்பதும் இந்தக் கட்டத்தில்தான் தெரியவருகிறது. அதே காலத்தில் உலகின் வேறு சில மூலைகளிலும் இப்படி நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் குழந்தைகள் பிறந்த சில மணி நேரத்திலேயே இறந்தன. எஸ்கிமோ குடியிருப்பு ஒன்றில் அவற்றை உயிரோடு விடவில்லை. மங்கோலியப் பக்கம் தாய்மார்களையும் சேர்த்துக் கொன்றுவிட்டார்கள். சோவியத் நாட்டின் கிழக்கே கிஷின்ஸ்க் என்ற ஊரில் மட்டும் அவற்றை வளர்த்தார்கள், மேதைகள் என்று பெருமைப்பட்டார்கள். பிறகு ஒரு நாள் எச்சரிக்கையே இல்லாமல் அந்த ஊரையே அணுப் பீரங்கியால் அழித்தார்கள், சொந்த மக்களோடு சேர்த்து. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் யாரோ ஒருவர் வழியாகக் குழந்தைகளுக்குத் தெரிந்திருக்கும், அதனால் சொல்லவில்லை. அணுப் பீரங்கி விண்டமின் கற்பனை இல்லை. 1953 மே 25 அன்று அமெரிக்கா நெவாடா பாலைவனத்தில் 280 மில்லிமீட்டர் பீரங்கியிலிருந்து 15 கிலோடன் அணுகுண்டை வீசிச் சோதித்தது, செய்திப்படங்களில் உலகமே பார்த்தது. நாவல் வந்த 1957-இல் பிரிட்டன் தன் ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகளைப் பசிபிக்கில் தொடங்கியிருந்தது. இந்தப் பட்டியலில் எந்த ஊரும் சரியான விடையைக் கண்டுபிடிக்கவில்லை. குழந்தைகளை அழித்த ஒவ்வொரு ஊரும் தன்னில் ஒரு பகுதியையும் சேர்த்தே அழித்துக்கொண்டது. வாக்குக் கேட்டுப் பதவிக்கு வரும் ஒரு அரசால் கிஷின்ஸ்கைச் செய்ய முடியாது என்பது குழந்தைகளுக்கே தெரியும், அதை அவர்கள் நிதானமாக எடுத்தும் சொல்கிறார்கள். அந்த உரையாடலில் யாரும் குரலை உயர்த்துவதில்லை.

முடிவில் ஸெல்லபி கிரீஸ் தீவுகளைப் பற்றிப் படம் காட்டுவதாகச் சொல்லிப் பெட்டிகளோடு கிரேஞ்சுக்குப் போகிறார். பெட்டிகளில் இருப்பது வெடிமருந்து. அவருக்கு இதயநோய், நாள் அதிகம் இல்லை என்று தெரியும், மனைவியிடம் சொல்லவில்லை. இந்த முடிவு திடீரென்று வந்ததாகச் சிலர் குறை சொல்வார்கள். ஆண்டுக்கணக்காக அந்தக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தவர், அவர்கள் ஆவலோடு வரவேற்கும் ஒரே மனிதர் அவர் என்பதை நாவல் நெடுகச் சொல்லியிருக்கிறது. அந்த நம்பிக்கைதான் ஆயுதம். வேறு யார் பெட்டி தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் வாசலிலேயே நின்றிருப்பார்கள்.

இதே இடத்தைத் திரைப்படம் எப்படி மாற்றியது என்பதைப் பார்த்தால் நாவலின் கட்டுமானம் இன்னும் தெளிவாகும். வுல்ஃப் ரில்லா இயக்கிய 'வில்லேஜ் ஆஃப் தி டேம்ட்' 1960-இல் வந்தது. எம்ஜிஎம் நிறுவனம் முதலில் அமெரிக்காவில் எடுக்கத் திட்டமிட்டது. கன்னியர் கருவுறும் கதை என்பதால் மதத் தரப்பின் எதிர்ப்பு வரும் என்று தயங்கிக் கிடப்பில் போட்டு, பிறகு இங்கிலாந்துக்கு மாற்றியது. ஹெர்ட்ஃபர்ட்ஷயரின் லெட்ச்மோர் ஹீத் கிராமத்தில் படப்பிடிப்பு நடந்தது. படத்தில் குழந்தைகள் பன்னிரண்டு பேர்தான், ஒளிரும் கண்கள், வெளிர்நிறப் பொய்முடி. கண்ணின் எதிர்மறைப் பிம்பத்தை மேலே பொருத்தி அந்த ஒளிர்வை உண்டாக்கினார்கள். படத்துக் குழந்தைகள் மனத்தைப் படிப்பவர்கள். அதனால் குண்டோடு வருபவர் தன் எண்ணத்தை மறைக்க ஒரு செங்கல் சுவரை மனத்தில் நினைத்துக்கொண்டே உட்காருகிறார், சுவர் ஒவ்வொரு கல்லாக இடிகிறது. திரைக்கு அது அற்புதமான உத்தி, நாவலில் இல்லை. ஆனால் 61 பன்னிரண்டாகக் குறைந்ததில் வீட்டுக்கு ஒன்று என்ற விகிதம் போயிற்று. ஊர் முழுக்கப் பங்காளி என்பது மறைந்து, ஒரு கூட்டம் குழந்தைகளும் அவர்களை எதிர்க்கும் ஒரு மனிதரும் என்று ஆகிவிட்டது. 1995-இல் ஜான் கார்ப்பென்டர் கதையைக் கலிஃபோர்னியாக் கடற்கரைக்குக் கொண்டுபோனார், அது எடுபடவில்லை. 2022-இல் வந்த பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் ஸெல்லபியையே பெண்ணாக்கியது. கீலி ஹாஸ் நடித்தது சுசானா ஸெல்லபி என்ற உளவியல் சிகிச்சையாளராக. கதவுக்கு வெளியே நின்ற கதையை உள்ளே கொண்டுபோக நடந்த முயற்சி அது. தாய்மார்களின் தயக்கத்துக்கும் பாசத்துக்கும் அது கொடுத்த நேரத்தை நாவல் கொடுக்கவில்லை என்று தயங்காமல் சொல்வேன்.

இதே காலத்து இன்னொரு நாவலையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ஜாக் ஃபின்னியின் 'தி பாடி ஸ்னாட்சர்ஸ்' 1954-இல் தொடராகவும் 1955-இல் நூலாகவும் வந்தது. கலிஃபோர்னியாவின் சிற்றூர் டாக்டர் ஒருவரிடம் நோயாளிகள் வந்து, என் மாமா என் மாமாவே இல்லை என்று சொல்லத் தொடங்குகிறார்கள். அங்கேயும் கதவைத் திறப்பது டாக்டரின் நோயாளிப் பதிவுகள்தான். ஆனால் ஃபின்னியின் ஊரில் மனிதர்கள் மாற்றப்படுகிறார்கள், எதிரி யார் என்று தெரிந்தபின் வெறுப்பது சுலபம். மிட்விச்சில் எதிரிக்குப் பால் கொடுத்து, காய்ச்சலில் கண்விழித்து வளர்த்தவர்கள் அந்தப் பெண்களே.

விண்டம் பிற்காலத்தில் 'மிட்விச் மெயின்' என்று ஒரு தொடர்ச்சியைத் தொடங்கிச் சில அத்தியாயங்களோடு கைவிட்டார். நாவலின் கட்டுமானமே தொடர்ச்சிக்கு இடம் வைக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மற்ற ஊர்களை எல்லாம் கதைக்குள்ளேயே முடித்துவிட்டார், மிட்விச் குழந்தைகளையும் ஒரே கட்டடத்துக்குள் சேர்த்துவிட்டார். மறுபடியும் தொடங்க வேண்டுமென்றால் புதிதாக ஒரு கலம் இறங்க வேண்டும், இன்னொரு வட்டம் போட வேண்டும், கேனரிகளை மறுபடி கொண்டுவர வேண்டும். இரண்டாம் முறை அந்தப் பறவை விழும்போது, அடுத்து என்ன வரும் என்று வாசகருக்கு முன்பே தெரிந்திருக்கும்.